கம்பெனி காசில் குளம் தூர்வாருதல்: டெல்டா அனுபவங்கள்

மன்னார்குடி பக்கம், தொண்டு நிறுவனத்தில் திட்ட வேலை

சி.எஸ்.ஆர். பணத்தில் (சட்டப்படி கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் தொகை) முதல் சிக்கல் காலண்டர். கம்பெனிக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. பிப்ரவரியில்தான் போன் வரும்: "மார்ச்சுக்குள் செலவாகணும் சார்." அந்த நேரத்தில் சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். குளத்துக்கு வண்டி போக அதை மிதித்துதான் போகணும். ஊர் விடாது, விடவும் கூடாது. பயறு எடுத்து வயல் காய ஏப்ரல் நடுவாகிவிடும். மேட்டூர் ஜூன் 12 வழக்கப்படி திறந்தால் வேலை செய்யக் கிடைப்பது ஏழெட்டு வாரம்தான்.

அவசரப்பட்டு மார்ச்சில் பில் போட வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டம் 135-ம் பிரிவில் 2021 ஜனவரி முதல் வழி இருக்கிறது. இயக்குநர் குழு இதைத் 'தொடர் திட்டம்' என்று தீர்மானம் போட்டால், மிச்சப் பணம் ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போகும். அதை மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். தீர்மானம் இல்லையென்றால் செப்டம்பர் 30-க்குள் அரசு நிதிக்குக் கட்டணும், குளத்துக்கு வராது. ஆகவே டிசம்பரிலேயே தீர்மானத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று: நிர்வாகச் செலவு 5% வரம்பு கம்பெனியின் மொத்த சி.எஸ்.ஆர். செலவுக்கு உள்ளது. களத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் சம்பளம் திட்டச் செலவு. அதை வெட்டும் அதிகாரிகளிடம் விதியைக் காட்டுங்கள்.

வலங்கைமான், மண் வேலை மேற்பார்வை

அண்ணன் காசைச் சொல்லிட்டார், நான் மண்ணைச் சொல்றேன். லோடு கணக்கில் ஒப்பந்தம் போடாதீங்க. ஒரு ஏக்கர் குளத்தில் மூன்றடி எடுத்தால் குழி அளவில் சுமார் 1,307 யூனிட் (யூனிட் என்றால் 100 கனஅடி). வெட்டிய மண் உப்பும், கால்வாசி கூடும்னு வையுங்க. மூணு யூனிட் டிப்பரில் 436 லோடு ஆக வேண்டியது 545 ஆயிடும். எனவே குழியை அளந்துதான் காசு. பழைய தரை மட்டம் தெரிய அங்கங்கே தோண்டாமல் மண் திட்டு விட்டு வைங்க, கடைசி அளவு எடுத்த பிறகு வெட்டுங்க. திட்டு தலையில் புல் இருக்கணும். புல் இல்லாத திட்டு, மேலே மண் கொட்டி உயர்த்தினது.

ஆழத்தைவிட வரத்து வாய்க்கால் முக்கியம். குளத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாய், வாய்க்கால் தரைக்கு அரையடி மேலே இருந்தால் முறை வைத்து விடும் ஆற்றுத் தண்ணீர் ஏறாது, குளம் மழைக்குத்தான் காத்திருக்கும். போட்டோவில் இது தெரியாது! மட்டக் கருவி வைத்து ஒரு தடவை பார்த்தால் போதும்.

கரைச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரைக்கு (ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி கிடை) குறைஞ்சால் களிமண் முதல் ஐப்பசி மழையிலேயே சரியும். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையில் போட்டால் கணுவிலிருந்து திரும்ப வேர் விடும். வேரோடு பிடுங்கி, காயவைத்து எரிக்கணும்.

வேதாரண்யம் ஓரம்

கடலோரத்தில் மேலே சொன்ன மூன்றடிக் கணக்கை அப்படியே எடுக்காதீங்க. நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கும், கீழே உப்பு. வண்டி வருவதற்கு முன் நாலு இடத்தில் கைத்துளைப்பான் போட்டு, அடியடியாக டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பு அளவைக் காட்டும் கருவி) பாருங்க. அளவு திடீரென்று ஏறும் இடத்துக்கு ஒன்றரை அடி மேலேயே நிறுத்தணும். கொள்ளளவு வேணும்னா அகலப்படுத்துங்க. ஆழம் கேட்கும் கம்பெனி பொறியாளரிடம் அந்த அளவுத் தாளையே கொடுங்க.

குளம் ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்பதை 'அ' பதிவேட்டில் (கிராமத்து நில விவரப் பதிவேடு) பார்த்துவிட்டு, நில அளவையரை வைத்து எல்லைக் கல் நட்டுத்தான் வண்டியை இறக்கணும். ஆக்கிரமிப்பை நடுவில் கண்டுபிடித்தால் வேலை நின்று போகும், வண்டிக்கு நிற்கும் வாடகை ஓடும்.