வெளிநாட்டுச் சமையலறையில் தட்டைப்பயறும் மல்லித்தழையும்

மதுரைப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் புதிதாகக் குடிபோயிருக்கும் தம்பி தங்கையர், தாமாகச் சமைக்கத் தொடங்கும்போது தட்டைப்பயற்றில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம் மானாவாரி நிலங்களில் விளையும் இதே பயறு, ‘பிளாக் ஐட் பீன்ஸ்’ என்ற பெயரில் பெரும்பாலான நாடுகளின் சாதாரணக் கடைகளிலும் கிடைக்கிறது.

இருவருக்கு ஒரு டம்ளர் பயறு போதும். இரவே ஊற வைத்து, காலையில் தண்ணீரை மாற்றிக் குக்கரில் இரண்டு மூன்று விசில் விடுங்கள். ஒரு பயற்றை இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் தோல் கழன்றுவிடாமல் உள்ளே மாவாக நசுங்க வேண்டும், அதுதான் பதம். புளிப்பு எதுவானாலும் பயறு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், ஏனெனில் அது தோலை இளக விடாது. லண்டனைப் போலத் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் பயறு வேக நேரமாகும். ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும்.

தட்டைப்பயறு கிடைக்காமல் சிவப்பு ராஜ்மா வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் கொள்ளுங்கள். அதில் இயற்கையாகவே உள்ள ஒரு நச்சுப்பொருள், அரைவேக்காட்டில் உண்பவருக்குக் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட்ட பின்பே மற்ற வேலை. அங்கே பலரும் வாங்கும் ஸ்லோ குக்கரில் வேகாத ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது; அதன் சூடு இந்த நச்சை அழிக்கப் போதாது.

இனித் தழைகள். மதுரையில் காய் வாங்கினால் கொசுறாக வரும் கறிவேப்பிலையை அங்கே தேடித்தான் வாங்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பச்சை இலையைப் பயணிகள் கொண்டுவர விடுவதில்லை. ஆகவே அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளூரில் கிடைக்கும்போது வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை, இந்தப் பயற்றை மல்லித்தழையே தாங்கிவிடும். ஆனால் கடையில் அதன் அருகிலேயே பார்ஸ்லி கட்டும் இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்து வாங்குங்கள்.

மல்லித்தண்டை எறியாமல் பொடியாக நறுக்கி வையுங்கள். மிதமான சூட்டில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயம் வதக்கி, அதோடு தண்டையும் சேர்த்துப் பிரட்டினால் வாசம் எண்ணெயில் இறங்கும். (தாளிக்கும் புகைக்கு அங்கே புகை அலாரம் அலறும் என்பதால் வரமிளகாயைத் தவிர்த்து, புகைபோக்கியை முன்கூட்டியே ஓட விடுங்கள்.) வெந்த பயறு, உப்பு, கொஞ்சம் பயறு வெந்த நீர் சேர்த்துக் கரண்டியால் கால்வாசியை மசித்துவிட்டால் சாறு கெட்டிப்படும். அடுப்பை அணைத்த பிறகே கைநிறைய மல்லி இலையும், நாலைந்து புதினா இலையும், அரைமூடி எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும்; கொதிக்கும்போது போட்டால் பச்சை வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

சோற்றுக்கும் சப்பாத்திக்கும் பொருந்தும் இது, குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மீதமுள்ள மல்லிக்கட்டைத் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் நிறுத்தி, பையால் மூடிக் குளிர்பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, பயற்றைச் சூடாக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிள்ளித் தூவுங்கள்.