ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியில் 13.1: படகில் சார்ஜ் ஏறவில்லை, உதவி தேவை

சசூன்டாக்_படகு
32 அடி ஃபைபர் படகு, டீசல் இன்ஜின், 12 வோல்ட் சிஸ்டம், 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்). 100 ஏஎச் பேட்டரி இரண்டு. ஒன்று ஸ்டார்ட்டருக்கு, மற்றது லைட், வி.எச்.எஃப். ரேடியோ, ஜி.பி.எஸ்., படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்புக்கு. நடுவில் டயோட் ஐசொலேட்டர் (இரண்டுக்கும் சார்ஜ் விட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் போகாமல் தடுப்பது). ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் ஏற்றி டேஷ்போர்டைப் புதுசாக்கினோம், விளக்கெல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது. ஆகஸ்டில் கடலில் இறக்கியதிலிருந்து இரண்டாவது பேட்டரி விடிவதற்குள் 11.8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் இல்லை. ஒருமுறை நன்றாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறத் தொடங்கும். அப்போதும் ஆல்டர்னேட்டரில் 14.2, இரண்டாவது பேட்டரியில் 13.1தான். மெக்கானிக் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

டீசல்_ராஜா
முதல்ல பெல்ட்டைப் பாருங்க. நீளமான பக்கத்துல கட்டைவிரலால அழுத்தினா 10 மி.மீ. அளவுக்குத்தான் இறங்கணும். சுத்தி கறுப்புப் பொடி இருந்தா வழுக்குதுன்னு அர்த்தம். அப்புறம் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழட்டிப் பாருங்க. இன்ஜின் நிக்கலைன்னா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு.

மாட்டுங்கா_வயரிங்
பெல்ட் சொன்னது சரி. இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மெக்கானிக்கல் பம்ப் டீசல் இன்ஜின் ஓட கரண்டே வேண்டாம். ஆல்டர்னேட்டர் செத்திருந்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. லோடு திடீரென அறுந்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து போகும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் இதே கதிதான்.

சசூன்டாக் அண்ணாச்சி, ஆல்டர்னேட்டர் 14.2 தருகிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்? உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது.

முதலாவது, ஆக்சிலேட்டர் கொடுத்தால்தான் எழுவது. சாவி போட்டதும் டேஷ்போர்டு சார்ஜ் விளக்கு வழியாக ஒரு சிறு கரண்ட் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்குப் போய், உள்ளே சுழலும் ரோட்டரைக் காந்தமாக்க வேண்டும். பழைய 2, 3 வாட் பல்பு அதற்குப் போதும். எல்.இ.டி. விடும் கரண்ட் போதாது. அதனால் ஆல்டர்னேட்டர் ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தை நம்பி வேகம் ஏறும்வரை காத்திருக்கிறது. பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள், அல்லது எல்.இ.டி.க்கு இணையாக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. மும்பை லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்ட வைக்காதீர்கள்.

இரண்டாவது, வழியில் காணாமல் போகும் 1.1 வோல்ட். லைட் எல்லாம் போட்டு, 1500 ஆர்.பி.எம்.மில் வைத்து, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து மூன்று இடத்தில் அளந்து சொல்லுங்கள்: ஐசொலேட்டரின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் நடுவே, ஆல்டர்னேட்டரின் சார்ஜ் வெளிவரும் பி பிளஸ் முனையிலிருந்து ஐசொலேட்டர் வரையும், அங்கிருந்து பேட்டரி பிளஸ் வரையும் உள்ள கேபிள்களில், ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. பெல்ட்டில் கை, சட்டை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் முனையை லக்கில் (கேபிள் நுனியின் உலோக வளையம்) வைக்காமல் போல்ட்டின் மேலேயே வையுங்கள். அப்போதுதான் லக்கின் கோளாறும் கணக்கில் வரும்.

சசூன்டாக்_படகு
ஐசொலேட்டரில் 0.7. இரண்டு கேபிளிலும் சேர்த்து 0.3. மைனஸில் 0.1. கேபிள் 10 ஸ்கொயர் (சதுர மி.மீ.), மொத்தம் 4 மீட்டர். ஒரு லக்கின் ரப்பரை விலக்கினால் உள்ளே பச்சைக் களிம்பு.

மாட்டுங்கா_வயரிங்
கணக்கு நேராகிவிட்டது. 0.7 என்பது சிலிக்கான் டயோடின் இயல்பு, ஐசொலேட்டர் கெடவில்லை. ஆல்டர்னேட்டர் தன் முனையை மட்டும் பார்த்து 14.2 வந்ததும் நிறுத்திக்கொள்கிறது. பேட்டரிக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. 13.1இல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் லெட் ஆசிட் பேட்டரி நிறையாது.

ஆல்டர்னேட்டரில் சென்ஸ் முனை (பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கும் முனை) இருந்தால் அங்கிருந்து இரண்டாவது பேட்டரி பிளஸுக்கு ஒரு மெல்லிய வயர் இழுங்கள், பேட்டரி பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். சென்ஸ் முனை இல்லாவிட்டால் ஐசொலேட்டரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரை நேரே ஸ்டார்ட்டர் பேட்டரிக்குக் கொடுத்து, இரண்டாவதை வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே வழியாகச் சேர்ப்பதே நல்லது. பொதுவாக 13.3 வாக்கில் சேர்த்து 12.8இல் பிரிக்கும். ரிலே ஆல்டர்னேட்டரின் முழு ஆம்பியரைத் தாங்க வேண்டும்.

10 ஸ்கொயர் புதுசாக இருந்தாலே 40 ஆம்பியருக்கு 4 மீட்டரில் 0.3 வோல்ட் தின்னும். 25 ஸ்கொயர் போட்டால் 0.12க்கு வரும். வெள்ளீயம் பூசிய செம்பு கேபிளாகக் கேளுங்கள். மும்பை லோஹார் சால் எலக்ட்ரிக்கல் கடைகளில் பெரும்பாலும் சாதாரணச் செம்பைத்தான் நீட்டுவார்கள். பச்சை லக்கை மட்டும் வெட்டி மாற்றிப் பிரயோஜனமில்லை, உப்பு உறைக்குள் ஏறியிருக்கும். லக்கை அழுத்தியபின் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வேலைக்கு முன் இரு பேட்டரி மைனஸையும் கழற்றிவிடுங்கள்.

கடல்காற்று
ஒன்று சேர்க்கிறேன். பேட்டரியையும் சந்தேகியுங்கள். இரண்டு மாதம் கரையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்திருக்கும். வெளியே சார்ஜரில் நிறைத்து, ஓர் இரவு ஓய்வு விட்டு அளந்தால் 12.6க்கு மேல் இருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் (ஆசிட் அடர்த்தி அளப்பது) ஆறு செல்லும் 1.265 பக்கம் நிற்க வேண்டும். ஒரு செல் மட்டும் 0.05 குறைந்தால் அந்த பேட்டரி தேறாது.

டீசல்_ராஜா
சரி, கழட்டுற சோதனை வேண்டாம். ஆல்டர்னேட்டர் டயோடை வேற எப்படிப் பாக்கறது?

மாட்டுங்கா_வயரிங்
டயோட் கெட்டால் ஏசி கசியும். ஓடும்போது பேட்டரியில் ஏசி வோல்ட் அளந்தால் 0.5க்கு மேல் போகக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசி 200லிருந்துதான் தொடங்கும், இதற்கு ஆகாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ளதை எடுங்கள்.