இளையோருக்கு மக்களாட்சியையும் மனித உரிமைகளையும் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில், 15 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓராண்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்க எண்ணியுள்ளோம். நாளை சங்கத்தையும் கோயிலையும் வட்டாரத்தையும், முடிந்தால் நகரசபையையும் நடத்தப்போகிறவர்கள் மக்களாட்சியையும் மனித உரிமைகளையும் புரிந்தவர்களாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம். பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் பாடத்தில் நம் அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தைப் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறார்கள். ஆனால், வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் எந்த உரிமையின் பேரில் கேட்பது என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. இந்நாட்டில் காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை, தம்பி நாயுடு ஆகியோரின் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தாலே போதும் என்று சங்கத்துப் பெரியவர்கள் கருதுகிறார்கள். அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் வரலாறு மட்டும் போதுமா என்ற ஐயம் தீரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, பெரியவர்கள் சொல்வதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த வரலாற்றை ஒரு வழக்கோடு சேர்த்துக் கற்பியுங்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் வழங்கிய தீர்ப்பு, பலதார மணத்துக்கு இடமளிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்று கூறியது. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரியோடு இந்த அவமதிப்பும் சேர்ந்துகொண்டதால்தான் அவ்வாண்டு பெண்களும் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். இங்கே மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்ற வள்ளியம்மை, விடுதலையான சில நாள்களிலேயே, 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார்.

அடுத்ததாக 2007-ஆம் ஆண்டு மூக்குத்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் பள்ளி ஒன்றில் தென்னிந்திய மரபைச் சேர்ந்த மாணவி மூக்குத்தி அணிந்துவர, பள்ளி தன் ஒழுங்குவிதியைக் காட்டி மறுத்தது. பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கமும், உயர்நீதிமன்றம் மாணவியின் பக்கமும் நின்றபின், வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்தை அடைந்தது. மூக்குத்தி சமயக் கட்டாயம் அல்ல, விருப்பப்படி அணிவதே என்ற வாதத்துக்குத் தலைமை நீதிபதி பயஸ் லங்கா தந்த விடையைப் பிள்ளைகள் முழுமையாக வாசிக்கவேண்டும்: ஒருவர் தாமாக விரும்பிக் கடைப்பிடிக்கும் சமய, பண்பாட்டு வழக்கமும் பாதுகாப்புக்கு உரியதே, அதற்கு விலக்களிக்க மறுப்பது நியாயமற்ற பாகுபாடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு முடிவுசெய்தது.

தீர்ப்பைக் கற்பிக்குமுன் வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் செய்யுங்கள். பள்ளியின் தரப்பை ஏற்கும் பிள்ளைகள் அதை உண்மையான அக்கறையோடு வாதிடவேண்டும். ஏனெனில் சீருடை விதிக்கும் ஒரு நியாயம் இருந்தது. அரசியலமைப்பின் 36-ஆவது பிரிவு, ஓர் உரிமையை எப்போது, எந்த அளவுக்கு, என்ன காரணத்துக்காக வரையறுக்கலாம் என்று எடைபோடச் சொல்கிறது. அந்த எடைபோடும் பழக்கம் கைவரப்பெற்றவரையே நான் தலைவர் என்பேன்.

மறுமொழி 2: பள்ளி ஆட்சிக் குழுவில் இருக்கும் பெற்றோர், பீனிக்ஸ்

வழக்கறிஞர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் வாதிடத் தெரிந்த பிள்ளைக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே கிடைக்காவிட்டால் என்ன பயன்? 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி, எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள அரசுப் பள்ளிகளில் மாணவர் பிரதிநிதி மன்றம் அமைக்கப்படவேண்டும். அம்மன்றம் தேர்ந்தெடுப்பவர்கள் ஆட்சிக் குழுவிலும் அமர்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பள்ளியின்மேல் பொறுப்புச் சுமத்தும் தீர்மானங்களில் வாக்களிக்க இயலாது என்றாலும், பிறவற்றில் அவர்களுடைய வாக்கும் வாக்குதான். அப்படியிருந்தும் நான் கண்ட மன்றங்கள் பல, நிதி திரட்டும் விழாவுக்கு நாற்காலி போடுவதோடு நின்றுவிடுகின்றன.

ஆகவே உங்கள் சங்கத்தைக் கேட்கிறேன்: இளையோர் நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் தொகை எவ்வளவு சிறியதாயினும், அதை எப்படிச் செலவிடுவது என்ற முடிவை அவர்களிடமே விடுவீர்களா? அவர்களே தேர்தல் நடத்தட்டும், கூட்டக் குறிப்பு எழுதட்டும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெரியவர்கள் முன் கணக்கு ஒப்புவிக்கட்டும். தோற்ற வேட்பாளர் அடுத்த வாரமும் வந்து உட்காருகிறாரா என்பதில்தான் மக்களாட்சி விளங்குகிறது. இதற்கு நம் பெரியவர்கள் மனம் இசைவதே மிகக் கடினமான பகுதி என்பது என் கருத்து.

குழாய்த் தண்ணீரைப் பற்றி: அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு போதுமான தண்ணீர் பெறும் உரிமையைத் தருகிறது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் நகராட்சிக்கு ஒரு விண்ணப்பத்தைப் பிள்ளைகளே எழுதி அனுப்பட்டும். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதே அடுத்த பாடமாகிவிடும்.

மறுமொழி 3: சமூகப் பணியாளர், வெருலம்

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இதுவரை பேசியவை பெரும்பாலும் நம் உரிமைகள். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைசென்றதை ஒட்டி வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம் மக்களும் அஞ்சினார்கள், கடைகள் எரிந்தன, காவல்துறை வரவில்லை, இவையெல்லாம் உண்மை. ஆனால் சாலையில் தடுப்பு வைத்து, தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரை நிறுத்திய இடத்தில் அரசியலமைப்பு மீறப்பட்டது என்பதும் உண்மையே. மனித உரிமை ஆணையம் பொது விசாரணை நடத்தி 2024-இல் அறிக்கை வெளியிட்டது. அதை வகுப்பில் படிக்கத் தயங்கினால் இப்பயிற்சி நம் இனப்பெருமையைப் பேசும் வகுப்பாகச் சுருங்கிவிடும் என்று அஞ்சுகிறேன்.

டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவி பிள்ளையை நாம் பெருமையோடு நினைக்கிறோம். ருவாண்டா இனப்படுகொலையில் பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகும் என்று 1998-இல் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவர். அங்கே நீதி கேட்டவர்கள் நம் மொழியோ மதமோ சார்ந்தவர்கள் அல்லர். அருகில் கறுப்பின மக்கள் வாழும் குவாமாஷு, இனாண்டா பகுதிகளின் இளையோரையும் வகுப்புக்கு அழையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இனாண்டாப் பிள்ளைகள் வந்தால் வகுப்பு எம்மொழியில் நடப்பது, தமிழ் வகுப்பு என்ற அடையாளம் போய்விடாதா என்று செயற்குழு கட்டாயம் கேட்கும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, தமிழ் இலக்கண வகுப்பு இப்போதுபோலவே தனியாக நடக்கட்டும். உரிமை வகுப்பு ஆங்கிலத்திலும் ஜூலு மக்களின் மொழியான இசிஜூலுவிலும் நடக்கட்டும். அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவு, மதிப்பளித்து வளர்க்கவேண்டிய சமூக மொழிகளுள் தமிழையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே பிரிவுதான் இசிஜூலுவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்குகிறது. செயற்குழுக் கூட்டத்தில் அப்பிரிவை வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பவர் உங்கள் மாணவர்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. மூக்குத்தித் தீர்ப்பின் படியை அனுப்பிவைக்கிறேன்; முதல் விவாதத்துக்கு நடுவராக வரவும் எனக்கு விருப்பம்.