புது பேட்டரி, புது டைனமோ, ஆனால் வண்டி மட்டும் கிளம்பவில்லை

பேட்டரி மாற்றியாச்சு, டைனமோ மாற்றியாச்சு, எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரையும் கழற்றி வேலை பார்த்தாச்சு, இன்னும் காலையில் சாவியைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம்தான் வருகிறது என்று பர்மாவின் பெகு ஊரில் டாக்ஸி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் ரங்கூனுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். ஜப்பானிலிருந்து பழசாக வந்து இறங்கிய வலதுபக்க ஸ்டியரிங் வேகன், நம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஓடுகிற ரகம். டாக்ஸிக்காரருக்கு ஒரு டைனமோ காசு என்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். சாவியைத் திருகச் சொல்லிவிட்டுப் பார்த்தால் 12-க்குக் கீழே இறங்கவே இல்லை. இந்த இடம்தான் முக்கியம். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற சாமான், அது உண்மையில் இழுத்தால் பேட்டரி வோல்ட் கண்ணுக்குத் தெரிந்து இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, கரண்ட்தான் எங்கேயோ தடைபடுகிறது.

அப்புறம் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே (மேலே மாட்டியிருக்கிற கிளாம்பில் இல்லை) வைத்து, சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் துரு இல்லாத இடமாகப் பார்த்து அழுத்திக்கொண்டு மறுபடி திருகச் சொன்னேன். எர்த் (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கிற வயர்) சரியாக இருந்தால் 0.2 வோல்ட், போனால் போகட்டும் 0.5 வரை காட்டலாம். இங்கே 5 வோல்ட்டையும் தாண்டியது. ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குப் போட்டதும் வண்டி உடனே கிளம்பிவிட்டது.

எர்த் வயரின் தோலைக் கத்தியால் கீறினோம். வெளியே பார்க்க நல்ல வயர், உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பாகி உதிர்கிறது, ஏதோ நாலைந்து இழை மட்டும் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பு பார்த்த இடத்திலும் எர்த்தைச் சோதித்திருக்கிறார்கள், மீட்டர் பீப் அடித்ததால் விட்டுவிட்டார்கள். பீப் அடிக்க மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில்தான், அதற்கு அந்த நாலு இழையே போதும். செல்ஃப் மோட்டாருக்குப் போதுமா? அதனால் லோடு, அதாவது மோட்டார் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளந்தால்தான் உண்மை தெரியும், ஓம் (மின்தடை) மட்டும் பார்த்துச் சரி என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

நம் ஊர் மழைக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சித்திரையில் திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) தண்ணீர், அப்புறம் அக்டோபர் வரை தெருவில் நிற்கிற தண்ணீர், எல்லாம் முனை வழியாகத் தோலுக்குள் ஏறிவிடுகிறது. பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா, பல்பை மாற்றிக்கொண்டிருக்காமல் முதலில் அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ராத்திரியில் பேட்டரி இறங்குகிற கதை வேறு. அந்த அண்ணன் வண்டியிலேயே அதுவும் இருந்தது. கதவுப் பூட்டைக் கையால் அழுத்தி மூடின மாதிரி வைத்துவிட்டு, அரைமணி நேரமாவது சும்மா விட வேண்டும், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கின பிறகு பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள், பிடுங்கிச் செருகினால் தூங்கினது மறுபடி விழித்துக்கொள்ளும். ஃபியூஸ் தலையில் தெரிகிற இரண்டு புள்ளிகளிலும் முனையை வைத்து மில்லி வோல்ட் பாருங்கள், சுழியம் காட்டாத ஃபியூஸில் கரண்ட் ஓடுகிறது. இந்த வண்டியில் பின்னால் மாட்டின கேமராதான் ராத்திரி முழுக்க விழித்திருந்தது, அதன் வயரை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனுக்கு மாற்றிவிட்டோம்.

அங்கேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. கரண்ட் போகும்போது வீட்டு லைட்டுக்காக இன்வெர்ட்டர் வயரை பேட்டரியில் நேராகச் சொருகியிருந்தார்கள், நடுவில் ஃபியூஸே இல்லை. அந்தத் தோல் பாடியில் உரசிக் கிழிந்தால் வயரே பற்றிக்கொள்ளும். தயவுசெய்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், வயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள்.