கடலோரம் கொஞ்ச நேரம் நின்றால் மனசு லேசாகிறது, உங்களுக்கும் அப்படியா?

உச்சிப்புளிக்காரன்:
ராமநாதபுரத்தில் நகைக்கடன் ஆபீஸ் வேலை. வட்டி கட்ட முடியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து அழுவார்கள், அந்த நேரம் பார்த்து மேலே இருந்து டார்கெட் கேட்டு போன் வரும். ராத்திரி வீட்டுக்குப் போனால் அம்மாவிடம்கூட சிடுசிடுப்புதான். போன வாரம் பாம்பன் பக்கம் ஒரு வசூலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டுப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினேன் (நிறுத்தக் கூடாதுதான், எல்லோரும் நிறுத்துகிறார்கள்). கீழே ஆலாப் பறவைகள். அதில் ஒன்று எதிர்காற்றில் நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது, திடீரென்று பொத்தென விழுந்தது, வெறும் வாயோடு எழுந்தது, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மறுபடியும் மேலே போய் நின்றுகொண்டது. மீன் கிடைக்கிறதா பார்த்துவிடுவோம் என்று நானும் நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்கிறது, என்னடா, சம்பளம் கூட்டிட்டாங்களா என்று.

இது நிஜமாகவே மனசுக்கு ஏதாவது செய்கிறதா, இல்லை ஆபீசில் இல்லாமல் இருந்ததே போதுமா? போய் வர வேறு இடம் இருந்தாலும் சொல்லுங்கள். தனுஷ்கோடி மட்டும் வேண்டாம், லீவு நாளில் அங்கே போனால் வேன் கூட்டத்தில் இருக்கிற நிம்மதியும் போய்விடும்.

வார்டு அக்கா:
ரெண்டும்தான் தம்பி. 2019இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் விசாரித்து ஒரு ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பார்க், காடு, கடற்கரை என்று இருந்தவர்கள், போகவே போகாதவர்களைவிட உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் போனாலும் சரி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சரி. ஆனால் நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே கிளம்புகிறார்களோ என்ற சந்தேகம் அதில் தீரவில்லை. எனக்குப் பிடித்தது இதைவிடப் பழைய ஒன்று. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் எழுதியது: அமெரிக்காவில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் வார்டு ஜன்னலில் ஜெனரேட்டர்தான் தெரியும், அதை விடு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஆலாவை நம்பி உட்கார்ந்திருக்காதே. அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் போடு, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கச்சான்:
நாங்கள் கடல் தொழிலுக்குப் போகிற குடும்பம். கடலைப் பார்த்தால் மனசு லேசாகிறது என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அப்பா போய்விட்டுத் திரும்ப நேரமானால், அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கும். ஆலா மொய்த்தால் அங்கே மீன் இருக்கிறது என்று அர்த்தம், எங்களுக்கு அவ்வளவுதான்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஒன்று உண்டு. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம், நாங்கள் பெண்கடல் என்போமே, அங்கே தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது ஈர மணலில் பட்டாணி அளவு நண்டுகள் வெளியே வரும். வளையில் இருந்து கொஞ்சம் தள்ளி வந்து, ரெண்டு கொடுக்காலும் மணலை அள்ளி வாய்க்குக் கொடுக்கும், அதில் ஒட்டியிருக்கிற தீனியைச் சலித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை உருண்டையாக்கித் தள்ளிவிடும். அடுத்த வாய், அடுத்த உருண்டை. வளையைச் சுற்றி வரிசை வரிசையாகக் கோலப்புள்ளி மாதிரி வைத்திருக்கும். நம் நிழல் பட்டால் போச்சு, மொத்தக் கூட்டமும் உள்ளே போய்விடும், அசையாமல் இருந்தால்தான் மறுபடியும் வரும். தண்ணீர் ஏறினால் ஒரு உருண்டை மிஞ்சாது, அதுபற்றி அதற்குக் கவலையும் கிடையாது. வலைக்காசு தகராறில் அண்ணனோடு முட்டிக்கொண்ட அன்றைக்கு இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது கோபம் இருந்தது, ஆனால் அவனை அடிக்கிற அளவுக்கு இல்லை.

உச்சிப்புளிக்காரன்:
அண்ணே, நண்டுக்காகவே வருகிறேன். அக்கா, தூக்கம் வருகிறது, கோபம்தான் பிரச்சினை, நம்பரைக் குறித்துக்கொண்டேன். வேலை நாளில் மண்டபம்வரை வர முடியாதே, டவுன் பக்கத்தில் ஏதாவது?

கண்மாய்க்கரை:
டவுன்காரர்கள் எல்லோரும் கடலுக்கே ஓடுகிறீர்கள். சக்கரக்கோட்டை கண்மாய் உங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அதுவும் தேர்த்தங்கலும் 2025இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன, சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே சேர்ந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து தண்ணீர் நின்றால், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். மஞ்சள்மூக்கு நாரை ஒரு நீளக் குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதைக் கூட்டில் எந்தப் பக்கம் சொருகுவது என்று ஜோடியோடு இழுபறி பண்ணுவதைப் பார்க்க வேண்டும், நம் வீட்டுச் சண்டையேதான். முழு லீவு கிடைத்தால் தொண்டிப் பக்கம் காரங்காடு போங்கள், வனத்துறை படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள்.

கண்மாய்க்கு மழை பெய்த பிறகு மட்டும் போங்கள் தம்பி, சித்திரையில் போய் வெடித்த தரையைப் பார்த்துவிட்டு என்னை இங்கே வந்து திட்டக் கூடாது.