புதுப்பிப்பு: பட்டுப்புழு செத்ததற்குக் காரணம் தெரிந்தது

ஆடியில், 'புழு பச்சையாகக் கக்கி, தலையை ஆட்டியே சாகிறது, என்ன செய்ய?' என்று கேட்டிருந்தேன். நோய் இல்லை. பக்கத்தில் கத்தரிக்கு அடித்த மருந்து புழுவுக்குப் போடும் எங்கள் வி1 ரக மல்பெரி இலையில் படிந்திருக்கிறது. கடையம் பக்கம் ஆடிக்காற்று சும்மா விடுமா?

கத்தரி போட்டிருக்கிற அண்ணாச்சியிடம் பேசினேன். இப்போது மருந்தடிக்க முந்தின நாளே சொல்லிவிடுகிறார். கத்தரிப் பக்கமுள்ள மேற்கோர இரண்டு வரிசை இலையை நானும் பறிப்பதில்லை.

அப்புறம், புது லாட்டு (அடுத்த தொகுதிப் புழு) ஐந்தாம் பருவத்தில், அதாவது கூடு கட்டுவதற்கு முந்தின கடைசிப் பருவத்தில் இருக்கிறது. மொத்தத் தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஏழெட்டு நாளில்தான் போகும். ராத்திரி புழுமனைக்குள் நின்றால் ஓலைக்கூரையில் சாரல் விழுகிற சத்தம். இன்று காலை நாலைந்து புழு மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி தெரிகிறது; கூடு கட்டத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். புழு ஏறிக் கூடு கட்டும் பிளாஸ்டிக் தட்டியான நெட்ரிகாவைக் கழுவிக் காயப்போட்டாயிற்று.