மலையக ஆவணப்படங்கள் வாங்க உதவி வேண்டும்

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். ஆவணப்படங்கள் வாங்க இந்த வருடம் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றியவைதான் முதலில் வேண்டும். போன கிழமை ஒரு பிள்ளை, தன் பாட்டியின் தங்கச்சி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய கதையைச் சொல்லிவிட்டு, "இதைப் பற்றிப் படம் இருக்கா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தே முடிவெடுக்கலாம், படம் அப்படியில்லை. வீட்டுப் பாவனைக்கு விற்கும் டிவிடியை மண்டபத்தில் திரையிட உரிமை தனியாக வேண்டும். ஸ்ட்ரீமிங் உரிமமோ பெரும்பாலும் ஒன்று அல்லது மூன்று வருடத்தில் முடிந்துவிடும்.

தமிழ் உபதலைப்புள்ள நல்ல படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், இயக்குநரிடமே நேரடியாக உரிமம் வாங்கிய நூலகர்கள் யாராவது இருந்தால், எழுத்தில் என்னென்ன கேட்டு வாங்கினீர்கள்?